கடல் வேந்தனின் குரல்

கமாண்டர் சிவராமகிருஷ்ணன் கடற்படையில் இருந்ததில்லை. ஒரு கப்பல் ஏஜென்ஸியின் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, கப்பல்களுக்குக் கயிறும் பெயிண்டும் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கமாண்டர் பட்டம் எங்கிருந்து வந்தது என்று கொச்சி மட்டாஞ்சேரியில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. தொப்பி முதலில் வந்தது, பட்டம் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பது ஸ்பீக்கர் கடை ஹாதியாவின் கணிப்பு.

தொப்பியும் பட்டமும் இருந்து கப்பல் இல்லையென்றால் ஊர் சிரிக்கும் என்று, ஒரு பழைய பவர்போட்டையும் வாங்கிவிட்டார். பின்னால் இரண்டு எஞ்சின், மேலே கான்வாஸ் கூரை, உட்கார நீல ரெக்ஸின் இருக்கை. முன்பு அது கும்பளங்கிக்கு டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு போய், கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்னவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடும் படகு. அப்போது அதன் பெயர் 'மினி'. கமாண்டர் கைக்கு வந்ததும் 'கடல் வேந்தன்' ஆகிவிட்டது. டிரைவர் பினு மட்டும் அதே பினுதான். அவனுக்கும் ஒரு பதவி கொடுத்துப் பார்த்தார்கள். சம்பளம் அதேதான் என்று தெரிந்ததும் அவன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

காயல் படகு உரிமையாளர் சங்கம் முதல்முறையாக ஒரு அணிவகுப்பு நடத்தப் போகிறது, மட்டாஞ்சேரி படகுத்துறை ஜெட்டியில் மேடை போட்டுச் சிறப்பு விருந்தினரை உட்காரவைக்கப் போகிறது என்று செய்தி வந்தவுடன், கடல் வேந்தனுக்கு ஒரு குரல் வேண்டும் என்று கமாண்டர் முடிவு செய்தார். கொச்சங்காடியில் கார் ஸ்டீரியோ கடை நடத்தும் ஹாதியாவுக்கு ஆள் அனுப்பினார். "ஆலோசனைக் கூட்டத்துக்கு வரவும்" என்றது செய்தி.

கூட்டம் கமாண்டரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. வீடு காயலைப் பார்த்த வீடு, ஜெட்டிக்கு ரொம்பப் பக்கம். மேசையில் பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடம் ஒன்று விரிந்திருந்தது. கமாண்டர் சின்னக் குச்சியால் அதைத் தட்டினார்.

"உக்காரும்மா. இதுதான் நம்ம ஒலித் திட்டம். முதல் கட்டம், ரெண்டாம் கட்டம்னு பிரிச்சிருக்கேன்."

"ரெண்டாம் கட்டத்துல என்ன வருது ஸார்?"

"கமாண்டர்."

"ரெண்டாம் கட்டத்துல என்ன வருது, கமாண்டர்?"

"அது முதல் கட்டம் முடிஞ்ச பிறகு தீர்மானமாகும்."

ஹாதியா வரைபடத்தைப் பார்த்தாள். திசைகாட்டிக்கு இடமும் வலமும் காவல்காரர்கள் போல இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை வரைந்திருந்தார்.

"இது ஆகாது. ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்கு. ஊசி வடக்கைப் பாக்காது, அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கும்."

"அழகுன்னு ஒண்ணு இருக்கேம்மா. மட்டாஞ்சேரியிலேர்ந்து ஃபோர்ட் கொச்சி போறதுக்கு ஊசி எதுக்குன்னு கேக்கறியா?"

"நான் கேக்கல, கமாண்டர்."

"நான் கேட்டேன்" என்றது அடுக்களையிலிருந்து ஒரு குரல். "திசைகாட்டி வாங்கின அன்னைக்கே கேட்டேன்." கமாண்டரின் மனைவி மாயம்மாள் சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வரைபடத்தின் மேலேயே வைத்தாள்.

கமாண்டர் தட்டைத் தள்ளிவிட்டு, அடுத்த பகுதிக்குக் குச்சியை நகர்த்தினார். மேடைக்கு எதிரே வரும்போது முதலில் சங்கொலி. அதன்பின் அவருடைய உரை, அவர் குரலிலேயே, முன்கூட்டிப் பதிவு செய்தது. தலைப்பு, 'அலைகளை ஆண்ட இனம்'. அதற்கு எக்கோ வைக்க வேண்டும்.

"எக்கோ வேண்டாம்" என்றாள் ஹாதியா. "ஒரு வார்த்தை முடியறதுக்குள்ள அடுத்த வார்த்தை அதும்மேல ஏறி உக்காந்துக்கும். வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். பச்சைக் குரலா விடுங்க, தண்ணிமேல தெளிவாப் போகும்."

"அரசன் பேசினா எதிரொலிக்கணும்மா. எக்கோ இல்லாமப் பேச நான் என்ன மீனா விக்கிறேன்?"

"வீட்டுல எதிரொலிக்கிற வேலைய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாயம்மாள் உள்ளே போனாள்.

திசைகாட்டி விஷயத்தில் ஹாதியா ஜெயித்தாள். எக்கோ விஷயத்தில் அரசன் ஜெயித்தான்.

அவளுக்கு இந்த வேலை தேவைப்பட்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. அது கடை வாசலில், தலைக்கு மேலே, துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. 'பிச்சை அண்ட் சன்' என்ற போர்டு. அவளுடைய வாப்பா முகைதீன் பிச்சை கடை திறந்தபோது உம்மா பிள்ளையுண்டாயிருந்தாள். வாப்பா அவசரக்காரர். பெயிண்டரிடம் சொல்லி 'சன்' என்று எழுதிவிட்டார். பிறந்தது ஹாதியா. அதற்குப் பின்னால் யாரும் பிறக்கவில்லை. போர்டு மட்டும் மாறவில்லை. இப்போது ஸ்பீக்கர் பொருத்துவதும், வயர் இழுப்பதும், வாடிக்கையாளரிடம் வாதாடுவதும் எல்லாம் அவள்தான். வந்தவர்கள் போர்டைப் பார்த்துவிட்டு, "மகன் எங்கே மோளே?" என்று அவளிடமே கேட்பார்கள்.

போர்டு இனித் தாங்காது, புதிது வைக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் வாப்பா தன் தங்கை மகன் சஃப்வானின் பெயரைப் பேச ஆரம்பித்தார். சஃப்வான் ஃபோன் உறை விற்பவன். ஸ்பீக்கரில் எது முன்பக்கம் என்பது வரைக்கும் அவனுக்குத் தெரியும். புது போர்டுக்காகக் கூலிங்கிளாஸ் போட்டு ஃபோட்டோ எடுத்துத் தயாராக வைத்திருந்தான்.

"அவன் பேரு எதுக்கு வாப்பா? வேலை செய்யறது நான்."

"கார்ல யாரு வேணாலும் சவுண்டு வைக்கலாம்" என்றார் வாப்பா. "நாலு கதவையும் அடைச்சா சத்தம் எங்க ஓடும்? போட்டுக்குக் கதவா இருக்கு? நீ அந்தக் கமாண்டர் போட்டுல வை. அது காயல்ல போறப்ப ஜெட்டில நிக்கிற எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேக்கணும். கேட்டா உன் பேரு. கேக்கலேன்னா சஃப்வான் பேரு."

"கேட்டுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"குடையத் தூக்குவேன்."

நியாயமான பந்தயம்தான். நீதிபதிதான் சிக்கல். இத்தனை காலம் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்கார்ந்ததில் முகைதீன் பிச்சையின் காது மந்தமாகிவிட்டது. அவர் அதை ஒப்புக்கொள்வதில்லை. எதிராளி சொன்னது காதில் விழாதபோதெல்லாம், யோசிப்பது போலத் தாடியைத் தடவி, "அது பாக்கலாம்" என்பார். பஜாரில் அவருக்கு நிதானமான மனுஷன் என்று பேர் கிடைத்ததே அப்படித்தான்.

கடல் வேந்தனைத் தண்ணீரிலிருந்து இழுத்துவந்து கொச்சங்காடியில் ஒரு சுக்கு கோடவுனின் முற்றத்தில் நிறுத்தினார்கள். நிழலில் சுக்கு தரம்பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது. ஹாதியா கூரைக் கம்பியில் ஸ்பீக்கர்களைக் கரையைப் பார்த்துக் கட்டினாள். உப்புத் தண்ணீர் தாங்கும் வகை, கடலுக்கென்றே வருவது. நனையாத பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபையரை வைத்தாள். பாட்டு ஓடி ஓடி எஞ்சினைக் கிளப்ப முடியாமல் நடுக்காயலில் நின்றுவிடக் கூடாதென்று தனி பேட்டரி. இதெல்லாம் அவளே படித்தும் விசாரித்தும் வைத்திருந்தாள். அந்தப் பெருமையில் சுக்குப் பெண்களுக்கு ஒரு சின்னப் பிரசங்கமும் நடத்தினாள்.

பிரசங்கத்தின் நடுவில் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. காரில் எர்த் வயரைப் பக்கத்தில் இருக்கும் இரும்பில் ஒரு ஸ்க்ரூ வைத்து முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. அவள் படகின் பக்கச் சுவரில் துளைபோட்டு, வயரை வைத்து முறுக்கிவிட்டு, சுவிட்சைத் தட்டினாள். ஸ்பீக்கர் ஒன்றும் பேசவில்லை. மறுபடி தட்டினாள். பினு சாயா கிளாஸோடு எட்டிப் பார்த்தான்.

"சேச்சி, இது ஃபைபராக்கும். குளிமுறி பிளாஸ்டிக் வாளில எர்த் குடுத்த மாதிரி இருக்கு."

சுக்குப் பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "படிச்ச புள்ள வாளிக்குக் கரண்ட் குடுக்குது" என்றாள் ஒருத்தி. ஹாதியா வாயை மூடிக்கொண்டு ஸ்க்ரூவைக் கழற்றினாள். துளையை அடைத்தாள். வயரைப் பேட்டரிவரைக்கும் திரும்ப இழுத்துக் கட்டினாள். சுவிட்சைத் தட்டியதும் கோடவுன் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பாட்டை மாற்றச் சொன்னார்கள்.

கார்ப் பழக்கத்தில் செய்த தப்பு ஒன்று அகப்பட்டது. இன்னொன்று அகப்படவில்லை. எந்தக் காரில் வேலை முடிந்தாலும் கடைசியாக ஹாதியா ஒரு காரியம் செய்வாள். சொந்தக்காரரின் ஃபோனை வாங்கி ஸ்டீரியோவோடு ப்ளூடூத்தில் சேர்த்து, அழைப்பு வந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி வைத்துக் கொடுப்பாள். ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை விட வேண்டாம் பாருங்கள். வாடிக்கையாளர்கள் இதில் மயங்கிப்போவார்கள். கமாண்டரின் ஃபோனில்தான் அவருடைய உரையும் இருந்தது. அதை வாங்கினாள், சேர்த்தாள், எப்போதும் போல எல்லாம் வைத்துக் கொடுத்தாள்.

"இனி ஃபோன் உங்க பாக்கெட்லயே இருக்கட்டும் கமாண்டர். எல்லாம் தன்னால நடக்கும்."

"போர்க்கப்பல்ல இப்படித்தான்" என்றார் கமாண்டர்.

தண்ணீரில் இறக்கி முழுச் சத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவள் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. எதிரிகளுக்குத் தெரிந்துவிடுமாம். எதிரிகள் என்பது வைப்பீனில் இன்னொரு பவர்போட் வைத்திருந்த ஐஸ் கம்பெனிக்காரர்.

அணிவகுப்பு அன்று வெயில் சாயத் தொடங்கியபோது ஜெட்டியில் கால்வைக்க இடமில்லை. மேடையில் சிறப்பு விருந்தினர், சங்கத் தலைவர், பொன்னாடைகள், பூங்கொத்துகள், அவற்றுக்குப் பின்னால் முகம் தெரியாத இன்னும் சில பிரமுகர்கள். ஹாதியா படகில் கமாண்டரின் இருக்கைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபையர் பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள். 'சவுண்ட் ஆபீசர்' என்று சொல்லி அவளுக்கும் ஒரு வெள்ளைத் தொப்பி கொடுத்திருந்தார்கள். அதை ஆம்ப்ளிஃபையருக்குப் போட்டுவிட்டாள்.

ஜெட்டியின் கோடியில், கூட்டத்துக்கு ஒதுங்கி வாப்பா நின்றிருந்தார். கறுப்புக் குடை கையில் ஊன்றுகோல் போல நின்றது. பக்கத்தில் சஃப்வான், கூலிங்கிளாஸோடு.

முன்னால் போன படகுகள் எல்லாம் தும் தும் என்று அடித்துக்கொண்டு போயின. என்ன பாட்டு என்று அந்தப் படகில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. ஐஸ் கம்பெனிக்காரரின் படகு போனபோது மேடையில் ஒரு பூங்கொத்து அதிர்ந்து கீழே விழுந்தது. அவ்வளவுதான்.

"கடல் வேந்தன், முன்னேறு" என்றார் கமாண்டர். பினு கியரைப் போட்டான்.

சங்கொலி கிளம்பியது. அது அற்புதமாகவே இருந்தது. கரையில் தலைகள் திரும்பின. சிறப்பு விருந்தினர் ஃபோனிலிருந்து கண்ணை எடுத்தார். கமாண்டர் வெள்ளை உடுப்பில் எழுந்து நின்று, கையில் அலங்காரமாக மைக்கைப் பிடித்து, உதடுகளை மட்டும் அசைக்கத் தயாரானார். உரை தொடங்கியது.

"அலைகளை... களை... களை... ஆண்ட... ண்ட... ண்ட..."

ஹாதியா குடையைப் பார்த்தாள். குடை அசையவில்லை. உரை உருண்டு புரண்டு வளர்ந்தது. ஒரு வாக்கியத்தின் வால் அடுத்ததன் தலையில் ஏற, பெரிய வெறும் குடத்துக்குள் யாரோ சண்டை போடுவது போல இருந்தது. கரையில் ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாப்பா தாடியைத் தடவினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அது பாக்கலாம்.

சஃப்வான் போர்டுக்கு வைத்த ஃபோட்டோ அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்போது உரை பாதியில் அறுந்தது. ட்ரிங் என்று ஒரு சத்தம். பிறகு காயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும், எக்கோ இல்லாமல், பச்சையாக, கணீரென்று ஒரு பெண்குரல் எழுந்தது.

"ஏங்க, மாத்திரை போட்டீங்களா?"

கமாண்டர் சிலையானார்.

"என்ன பதிலே இல்ல? போடலியா? சாப்பிட்ட கையோட போடுங்கன்னு மேசைமேல எடுத்து வச்சேன். அப்படியே கெடக்கு. தொப்பி மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போயிருக்கீங்க."

ஜெட்டியில் சிரிப்பு ஒரு ஓரத்தில் பற்றிக்கொண்டு மறு ஓரத்துக்கு ஓடியது. கமாண்டருக்கு உயிர் வந்தது. கையில் இருந்த மைக்கை, ஃபோன் என்று நினைத்தாரோ என்னவோ, வாய்க்கருகே கொண்டுபோய் ரகசியமாகச் சொன்னார். அலங்கார மைக்கானாலும் அதற்கு உயிர் இருந்தது; அந்த ரகசியமும் ஊர் முழுக்கப் போனது.

"மாயா, ஃபோனை வை."

"ஏன் வைக்கணும்? போட்டு ஆடுதா? ஆடினா கண்ண மூடிட்டு உக்காருங்க. வாந்தி வர்ற மாதிரி இருந்தா வலது பாக்கெட்ல பை வச்சிருக்கேன். போன தடவை மாதிரி தொப்பில எடுத்துராதீங்க."

பினு ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துவிட்டான். மேடையில் சங்கத் தலைவர் பொன்னாடையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அணை" என்றார் கமாண்டர், பல்லுக்குள். "அணைச்சுத் தொலைம்மா."

ஹாதியாவின் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவள் கண் ஜெட்டியின் கோடியில் இருந்தது. வாப்பா கழுத்தை நீட்டி, ஒரு காதைக் காயல் பக்கம் திருப்பி நின்றார். முகத்தில் ஏதோ பிரகாசம். ஆனால் குடை இன்னும் தரையில்தான் ஊன்றியிருந்தது.

"இதோ, கமாண்டர்" என்றாள். விரல் அசையவில்லை.

"என்னங்க இது" என்றது குரல், கொஞ்சம் சந்தேகமாக. "நான் பேசறது நம்ம ஜன்னல் வழியாத் திரும்பி வருது. யாரோ என்னைப்போலவே பேசறாங்க." மாயம்மாள் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். "ஓ." வேறொருத்தியாக இருந்தால் ஃபோனை வைத்துவிட்டுக் கதவை அடைத்திருப்பாள். மாயம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எல்லாரும் வந்திருக்கீங்களா? சந்தோஷம். சாயா குடிச்சீங்களா?"

"குடிச்சாச்சு" என்று ஜெட்டி முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது. சிறப்பு விருந்தினரும் சொன்னார்.

"மேடைல இருக்கிறவங்க சீக்கிரம் பேசி முடிங்க. பிள்ளைங்க வெயில்ல நிக்குது."

கைத்தட்டல் கிளம்பியது. அந்தக் கைத்தட்டலுக்கு நடுவில், ஜெட்டியின் கோடியில், ஒரு கறுப்புக் குடை மெல்ல எழுந்தது. முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேலே. அதோடு நிற்காமல் வாப்பா அதை விரித்து ஆட்டவும் ஆரம்பித்தார். சஃப்வானின் கூலிங்கிளாஸ் குடைக்கம்பியில் சிக்கித் தண்ணீரில் விழுந்தது.

ஹாதியா சுவிட்சைத் தட்டினாள். காயல் அமைதியானது.

கமாண்டர் இருக்கையில் சரிந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வலது பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இனி ஊருக்குள் எப்படிப் போவது என்று அவர் முகம் கேட்டது. ஹாதியாவுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் மேடையில் சிறப்பு விருந்தினர் எழுந்து, இன்று எத்தனையோ படகுகள் போயின, ஒன்றே ஒன்றுதான் பேசியது, அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை, அந்தப் படகுக்குச் சிறப்புப் பரிசு என்று அறிவித்துவிட்டார். ஐஸ் கம்பெனிக்காரருக்கென்று யாரோ வாங்கி வைத்திருந்த கோப்பை அது என்று பின்னால் பேச்சு.

கமாண்டர் படகிலிருந்து இறங்கியபோது தொப்பி திரும்பவும் தலையில் இருந்தது. மேடையேறினார், கோப்பையை வாங்கினார், மைக்கைப் பிடித்தார்.

"நீங்கள் இப்போது கேட்டது" என்றார், "எனது ஒலித் திட்டத்தின் இரண்டாம் கட்டம்."

ஹாதியா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஜெட்டியின் கோடிக்குப் போனாள். வாப்பா குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா வாப்பா?"

"மாத்திரை மேசைமேல கெடக்கு. பை வலது பாக்கெட்ல. போன தடவை தொப்பில எடுத்தாரு" என்றார் வாப்பா, ஒப்பிப்பது போல. "எனக்கு எப்பவும் எல்லாம் கேக்கும் மோளே. மனுஷங்கதான் தெளிவாப் பேசறதில்ல."

"கமாண்டர் பேசினப்ப குடையத் தூக்கலியே?"

"அதுல வார்த்தை எங்க இருந்துச்சு, தூக்கறதுக்கு?"

மறுநாள் கடை திறக்குமுன்னே படகுக்காரர்கள் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் அதே மாதிரி வேண்டும், எக்கோ வேண்டாம், ஃபோன் மட்டும் சேர்க்க வேண்டாம் என்றார்கள். ஐஸ் கம்பெனிக்காரரும் வந்தார். தன் படகுக்கு ஃபோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மச்சானும் ஒரு படகு வாங்கப் போகிறான், அவனுக்கு வைக்கும்போது கட்டாயம் சேர்த்துவிடு என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மாயம்மாளிடமிருந்து ஒரு தூக்குவாளி நிறையப் பழம்பொரி வந்தது. அடுத்த அணிவகுப்புக்கு என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் செய்தியும் அதோடு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, பழைய போர்டு இறங்கியது. புதியதை எழுதப் பெயிண்டர் ஏணியில் நின்றான். ஃப்ளெக்ஸ் வேண்டாம், பெயிண்டில்தான் எழுத வேண்டும் என்று ஹாதியா சொல்லியிருந்தாள். முதல் வரி 'ஹாதியா' என்று சிவப்பில் முடிந்ததும் வாப்பா ஏணியடிக்கு வந்தார். தாடியைத் தடவினார். பெயிண்டரிடம் குனியச் சொல்லி ஏதோ சொன்னார். பெயிண்டர் ஹாதியாவைப் பார்த்தான்.

"என்னவாம்?"

"பக்கத்துல 'அண்ட் ஃபாதர்'னு போடணுமாம்."

ஹாதியா இடுப்பில் கைவைத்து நின்று போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிவப்பு இன்னும் காயவில்லை. வாப்பா தெருவின் மறுபக்கத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பாக்கலாம்" என்றாள் அவள்.

வாப்பாவுக்கு அது மிகத் தெளிவாகக் கேட்டது. அவள் சிரிப்பதற்குள்ளேயே பெயிண்டரிடம் திரும்பி, "சம்மதிச்சிட்டா, எழுது" என்றார். "எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."